டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டுகள்: எதில் எதைச் செருகுவது, ஏன்?

கடையிலிருந்து வந்தவர் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனதும் நம்மில் பலர் அதன் பின்பக்கத்தை மறந்துவிடுகிறோம். வீடு மாறும்போதோ புது மானிட்டர் வாங்கும்போதோதான் கேபினெட்டைத் திருப்பிப் பார்க்கிறோம். இருபது துளைகள், பத்து நிறங்கள், தூசி. எதிலாவது செருகிப் பார்த்து, நுழைந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். அதனால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கக்கூடியது, 60-இல் ஓடிக்கொண்டிருக்கும். புதிய ஹார்டு டிஸ்க் பழைய வேகத்திலேயே காப்பி செய்யும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும்.

ஒரு போர்ட்டின் வடிவம், அதில் எந்த கேபிள் நுழையும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதன் வழியாக என்ன போகும், எவ்வளவு வேகத்தில் போகும் என்பது அந்த போர்ட் எந்தப் பாகத்தோடு சேர்ந்தது, பக்கத்தில் என்ன குறி போட்டிருக்கிறது, கேபிள் எந்தத் தரத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தது. இந்த மூன்றையும் பார்க்கப் பழகிவிட்டால் எந்த கேபினெட்டின் பின்பக்கமும் மிரட்டாது.

தொடுவதற்கு முன்

ஷட்டவுன் செய்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். எந்த கேபிளையும் கழற்றுவதற்கு முன் பின்பக்கத்தை போனில் இரண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு போட்டோவாவது எழுத்துகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கிட்டத்தில் இருக்கட்டும். போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் தகட்டில் அச்சடித்திருக்கும் சின்னச் சின்ன எழுத்துகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. போட்டோவைப் பெரிதாக்கினால் தெரியும்.

இன்னொரு தகவலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரியில் மதர்போர்டின், அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முக்கியப் பலகையின், மாடல் பெயர் இருக்கும். அந்தப் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் மேனுவலை இறக்கிக்கொள்ளலாம். அதன் முதல் சில பக்கங்களில் பின்பக்கத்தின் படமும் ஒவ்வொரு போர்ட்டின் வேகமும் இருக்கும். இந்தக் கட்டுரை உட்பட யார் சொல்வதையும்விட அந்தப் படம்தான் உங்கள் கம்ப்யூட்டருக்குச் சரியான பதில்.

பின்பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்

எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, இருக்கும் இடம் முதல் பகுதி. பெரிய ஓட்டைகள் அல்லது ஃபேன், கூடவே பவர் கார்டு மாட்டும் மூன்று பின் குழி. பழைய கேபினெட்களில் இது மேலே இருக்கும், இப்போது வருபவற்றில் பெரும்பாலும் கீழே.

இரண்டாவது, நீள்சதுரத் தகட்டுக்குள் போர்ட்டுகள் நெருக்கமாக நிற்கும் பகுதி. இவை எல்லாம் மதர்போர்டிலேயே பதித்தவை. மூன்றாவது, அதற்குக் கீழே படுக்கைவாட்டில் வரிசையாக இருக்கும் நீளமான இடுக்குகள். அங்கே கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்ற தனிக் கார்டுகளின் போர்ட்டுகள் எட்டிப் பார்க்கும். கார்டு இல்லாத இடுக்கைத் தகடு மூடியிருக்கும்.

இரண்டாவது பகுதிக்கும் மூன்றாவது பகுதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே மாதிரி எச்டிஎம்ஐ போர்ட் இரண்டு இடத்திலும் இருக்கும். இரண்டும் செய்வது ஒரே வேலை இல்லை.

கரண்ட்டும் எர்த்தும்

பவர் கார்டில் குழப்பத்துக்கு இடமில்லை, ஒரே வழியில்தான் நுழையும். முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை என்று வரும் புகார்களில் கொஞ்சம் வெளியே நழுவி நிற்கும் கார்டு ஒரு வழக்கமான காரணம். பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் இருந்தால் கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் உள்ளே வெடித்துப் புகை வரும்.

எர்த் விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த கரண்ட் கேபினெட்டின் உடம்புக்கு வருகிறது. எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாத பழைய வயரிங்கிலும், மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் மலிவான அடாப்டரிலும் அதற்குப் போக வழி இல்லை. நம் விரலைவிட போர்ட்டுகளுக்குத்தான் இதில் அதிக ஆபத்து. எர்த் இல்லாத கேபினெட்டிலிருந்து, கேபிள் டிவி ஒயர் மாட்டிய டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் நொடியில் அந்த மின்சாரம் கேபிளின் வழியாகப் பாயும். உள்ளே இருக்கும் சிப் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. டிவியோடு இணைக்கும்போது இரண்டு பக்கமும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள். அதைவிட முக்கியம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஸ்விட்ச் போர்டில் எர்த் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யுபிஎஸ் இருந்தால் கேபினெட்டும் மானிட்டரும் மோடமும் அதில் இருக்கட்டும். லேசர் பிரிண்டரை மட்டும் நேராகச் சுவரில் மாட்டுங்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரண்ட் வீட்டு யுபிஎஸ்ஸுக்கு அதிகம்.

மானிட்டரை எங்கே மாட்டுவது

முதல் கேள்வி, கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா? மூன்றாவது பகுதியில் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் தெரிந்தால் இருக்கிறது. இருந்தால் மானிட்டர் கேபிள் அங்கேதான் போக வேண்டும். மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால் படம் வரும். ஆனால் அதைத் தருவது ப்ராசஸர், கார்டு இல்லை. கேம் திக்கித் திணறி ஓடுவதைப் பார்த்துவிட்டு கார்டில்தான் கோளாறு என்று நினைப்போம். ப்ராசஸரில் அந்த வசதி இல்லையென்றால் திரை கருப்பாகவே இருக்கும்.

எந்த ப்ராசஸரில் அந்த வசதி இல்லை என்பதைப் பெயரே பெரும்பாலும் சொல்லிவிடும். இன்டெல்லில் 12400எஃப் போல எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் இது தலைகீழ்: 5600ஜி போல ஜி சேர்ந்திருந்தால்தான் உண்டு, வெறும் 5600-இல் கிடையாது. இப்படிப்பட்ட ப்ராசஸர் இருக்கும்போது மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட் வெறும் அலங்காரம்தான். போர்ட் கெட்டுவிட்டது என்று மதர்போர்டைச் சர்வீஸுக்குத் தூக்கிப் போகாதீர்கள்.

இனி வடிவங்கள். நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகள், இரண்டு பக்கமும் திருகு இருந்தால் அது விஜிஏ. 1987-இல் ஐபிஎம் கொண்டு வந்தது. அனலாக் சிக்னல் என்பதால் கேபிள் நீளமாக நீளமாக எழுத்துகளின் ஓரம் மங்கும். கேபிளின் முனையில் இருக்கும் பின்கள் மெல்லியவை. கோணலாக அழுத்தினால் ஒன்று வளையும், அப்புறம் திரை முழுக்க மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரியும். மூன்று நிறங்களில் ஒன்றைக் கொண்டுபோகும் பின் தொடவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மெல்லிய மூக்குக் குறடால் மெதுவாக நிமிர்த்திவிடலாம். ஆனால் கேபிளில் ஒரு பின் மொத்தமாகவே இல்லாவிட்டால் பதற வேண்டாம். பல விஜிஏ கேபிள்கள் ஒன்பதாவது பின் இல்லாமலேயே வருகின்றன.

வெள்ளை நிறத்தில் அகலமாக, ஒரு பக்கம் நீளமான பட்டைப் பின்னோடு இருப்பது டிவிஐ. அந்தப் பட்டையைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அதிலிருந்து அனலாக் சிக்னலும் வரும், சாதாரண அடாப்டர் போட்டு விஜிஏ மானிட்டரை இணைக்கலாம். அந்த நான்கும் இல்லையென்றால் அடாப்டர் நுழையவே நுழையாது. புதிய கம்ப்யூட்டர்களில் டிவிஐ அரிதாகிவிட்டது.

எச்டிஎம்ஐ எல்லோருக்கும் தெரிந்தது. 19 பின், படத்தோடு ஒலியும் போகும். வடிவம் ஆரம்பத்திலிருந்து மாறவில்லை, உள்ளே போகும் வேகம்தான் ஏறிக்கொண்டே வந்தது. 1.4 பதிப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும், மவுஸை நகர்த்தினாலே இழுவை தெரியும். 2.0-இல் அதே 4கே 60 ஹெர்ட்ஸில் வரும், வேகம் 18 ஜிகாபிட். 2.1-இல் அதிகபட்சம் 48 ஜிகாபிட். கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றில் எது குறைந்த தரமோ அந்த வேகம்தான் கிடைக்கும். புது மானிட்டரைப் பழைய கேபிளில் மாட்டி ஏமாறுவது இங்கேதான்.

டிஸ்ப்ளே போர்ட் பார்வைக்கு எச்டிஎம்ஐ மாதிரியே இருக்கும், ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். 20 பின். பல கேபிள்களின் தலையில் ஒரு சின்ன அழுத்துப் பொத்தான் உண்டு. அதை அமுக்காமல் இழுத்தால் வராது, பலமாக இழுத்தால் போர்ட்டே கையோடு வந்துவிடும். சின்னக் கொக்கிகள் உள்ளே பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அந்த இறுக்கம். கிராபிக்ஸ் கார்டிலும் மானிட்டரிலும் இரண்டு வகையும் இருந்தால் நான் டிஸ்ப்ளே போர்ட்டைத்தான் எடுக்கச் சொல்வேன். விலை குறைந்த 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் முழு வேகமும் சில நேரம் அதில் மட்டும்தான் கிடைக்கும்.

அடாப்டர் வாங்குகிறவர்கள் திசையைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் பெரும்பாலும் சாதாரண அடாப்டரே போதும். கம்ப்யூட்டர் பக்கம் எச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட் என்றால் சிக்னலை மாற்றித் தரும் தனிச் சர்க்யூட் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதற்கு யுஎஸ்பியிலிருந்து கரண்ட்டும் தேவைப்படும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவதற்கும் உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர்தான் வேண்டும்.

மாட்டி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் அங்கே 60 என்றே நிற்கும். கையால் 144-க்கு மாற்ற வேண்டும்.

யுஎஸ்பி: ஒரே சதுரம், நான்கு வேகம்

பின்பக்கத்தில் அதிக இடம் பிடித்திருப்பது இதுதான், பெயர்க் குழப்பமும் இதில்தான் அதிகம். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நடைமுறையில் காப்பி செய்யும்போது நொடிக்கு 30, 40 மெகாபைட்டுக்கு மேல் பார்க்க முடியாது. 2008-இல் 3.0 வந்தது, 5 ஜிகாபிட். பிற்பாடு அதற்கே 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒன்றுதான். பெட்டியில் 3.2 என்று பெரிதாகப் போட்டிருந்தால் மகிழ்ந்துவிடாமல் 5, 10, 20 ஜிகாபிட் என்ற எண்ணைத் தேடுங்கள். அந்த எண் பொய் சொல்லாது.

நிறம் நல்ல அடையாளம், ஆனால் சட்டம் இல்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு கருப்போ வெள்ளையோ என்றால் பெரும்பாலும் 2.0, நீலம் என்றால் 5 ஜிகாபிட், சிவப்போ வெளிர் பச்சை கலந்த நீலமோ என்றால் பல மதர்போர்டுகளில் 10 ஜிகாபிட். கருப்பு நிறத்திலேயே 3.0 போர்ட் வைக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. அப்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நாக்கில் நான்கு பட்டைகள் மட்டும் இருந்தால் 2.0. கூடுதலாக ஐந்து சின்னத் தொடுபுள்ளிகள் தெரிந்தால் 3.0 அல்லது அதற்கு மேல்.

இந்த ஒன்பது தொடுபுள்ளிகளால் ஒரு வினோதமும் நடக்கும். 3.0 பென் டிரைவை மிக மெதுவாகச் செருகினால் பழைய நான்கு முதலில் தொடும், கம்ப்யூட்டர் அதை 2.0 என்று முடிவு செய்துவிடும், அப்புறம் முழுதாக உள்ளே போனாலும் அதே குறைந்த வேகத்திலேயே நிற்கும். காப்பி வேகம் மந்தமாக இருந்தால் ஒருமுறை கழற்றிவிட்டு ஒரே மூச்சில் செருகிப் பாருங்கள்.

எதை எங்கே மாட்டுவது? கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் மூன்றும் 2.0 போர்ட்டில் இருக்கட்டும். மவுஸ் அனுப்பும் தகவலுக்கு அதுவே தாராளம். வேகமான போர்ட்டுகளை வெளி ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவுக்கு ஒதுக்குங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கை முடிந்தவரை பின்பக்க போர்ட்டிலேயே மாட்டுங்கள். முன்பக்க போர்ட்டுகள் கேபினெட்டுக்குள் ஓடும் ஒரு ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. மலிவான கேபினெட்டில் அந்த ஒயர் சுமாராகத்தான் இருக்கும். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு இணைவதும் துண்டிப்பதுமாக இருந்தால் முதலில் பின்பக்கம் மாற்றிப் பாருங்கள். கரண்ட் போதாவிட்டாலும் இப்படி ஆகும்: 2.0 போர்ட் தரும் கரண்ட் 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900.

வயர்லெஸ் மவுஸ் திடீரெனத் துள்ளுகிறது, கீபோர்டில் எழுத்து விட்டுப்போகிறது என்றால் பேட்டரியை மாற்றும் முன் அதன் டாங்கிள், அதாவது யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீல போர்ட்டில், ஹார்டு டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? 3.0 வேலை செய்யும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல்லே 2012-இல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை முன்பக்க 2.0 போர்ட்டுக்கு மாற்றினாலோ ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வைத்தாலோ சரியாகிவிடும்.

டைப்-சி போர்ட்டில் எப்படித் திருப்பினாலும் செருகலாம். ஆனால் டெஸ்க்டாப் மதர்போர்டில் இருக்கும் டைப்-சி பெரும்பாலும் தகவலுக்கு மட்டும்தான். லேப்டாப்பில் வந்ததைப் போல அதிலிருந்து மானிட்டருக்குப் படம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் குறியோ மின்னல் குறியோ இருந்தால் மட்டும் மேனுவலைப் பாருங்கள்.

சில மதர்போர்டுகளில் ஒரு யுஎஸ்பி போர்ட்டைச் சுற்றிக் கட்டம் போட்டு பயாஸ் என்று எழுதியிருக்கும், அருகில் ஒரு சின்னப் பொத்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யும் இடம் அது. மற்ற நேரத்தில் சாதாரண போர்ட் போலவே பயன்படுத்தலாம், பொத்தானை மட்டும் விளையாட்டாக அமுக்காதீர்கள்.

நெட்வொர்க்

பிளாஸ்டிக் கொக்கியோடு க்ளிக் என்று பூட்டும் சதுர போர்ட் லேன். டெலிபோன் ஒயரின் சின்ன முனையும் இதில் நுழைந்துவிடும். அப்படிச் செருகினால் ஓரத்துப் பின்கள் வளையும்.

பிராட்பேண்ட் 200 எம்பிபிஎஸ், ஆனால் கம்ப்யூட்டரில் 95-ஐத் தாண்டவில்லை என்று புலம்புகிறவர்கள் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டு ஒயர்களும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும், முனையில் அதை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் சரியாகப் பிடிக்காமல் போனாலும் இணைப்பு பெரும்பாலும் துண்டிக்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸ் நெட்வொர்க் விவரங்களில் லிங்க் ஸ்பீடு 100 என்று இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட் 5இ என்று எழுதியதே வீட்டுக்குப் போதும், 100 மீட்டர் வரை ஜிகாபிட் போகும்.

பக்கத்தில் திருகு மரை போட்ட இரண்டு தங்க நிற முனைகள் இருந்தால் உங்கள் மதர்போர்டில் வைஃபை இருக்கிறது. பெட்டியில் வந்த ஆன்டெனாக்களை அதில் முறுக்க வேண்டும். அவற்றை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டுவிட்டு வைஃபை சிக்னல் மோசம் என்று வருந்துவது அடிக்கடி நடக்கிறது.

ஒலி

பச்சையில் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன், இளஞ்சிவப்பில் மைக், நீலத்தில் வெளியிலிருந்து வரும் ஒலி. மூன்று துளை இருந்தால் இவ்வளவுதான். ஆரஞ்சு, கருப்பு, சாம்பல் ஆகியவை ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு. போனில் பயன்படுத்தும் மைக் வைத்த ஹெட்செட்டைப் பச்சையில் செருகினால் காது கேட்கும், பேசுவது போகாது. அதற்கு இரண்டு முனையாகப் பிரியும் ஸ்ப்ளிட்டர் வாங்க வேண்டும். எச்டிஎம்ஐ மாட்டியதும் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுவிட்டதா? ஒலி மானிட்டருக்குப் போகிறது. டாஸ்க்பாரில் ஒலிக் குறியைச் சொடுக்கி வெளியீட்டை மாற்றுங்கள்.

பழையவர்கள்

ஊதாவும் பச்சையுமாக இரண்டு வட்டத் துளைகள் பிஎஸ்/2. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. கம்ப்யூட்டர் ஓடும்போது இதைப் பிடுங்கிச் செருகக் கூடாது, அந்த வடிவமைப்பில் அதற்கு இடமில்லை. பாதி ஊதா பாதி பச்சையில் ஒன்றே இருந்தால் இரண்டில் எதையும் மாட்டலாம்.

ஒன்பது பின் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சீரியல் போர்ட், 25 துளைகளோடு நீளமாக இருப்பது பேரலல். வீட்டில் இவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் எடைத் தராசோடு பில்லிங் நடக்கும் கடைகளிலும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடும் அலுவலகங்களிலும் இன்றைக்கும் உழைக்கின்றன. கடைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் தராசில் எந்த ஒயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். பின்பக்கத்தில் இல்லாவிட்டாலும் பல மதர்போர்டுகளில் உள்ளே சீரியலுக்கான பின்கள் உண்டு. பத்துப் பின் ஒயரோடு ஒரு தகடு வாங்கிக் காலி இடுக்கில் மாட்டினால் போதும்.

ஒரு போர்ட் வேலை செய்யவில்லை என்றால்

முதலில் அதே கேபிளை வேறு போர்ட்டில் மாட்டுங்கள். அங்கே வேலை செய்தால் போர்ட்டில் கோளாறு, அங்கேயும் இல்லையென்றால் கேபிளோ கருவியோதான். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் டிரைவர், ஃபார்மட் என்று போக வேண்டாம். அடுத்து, அணைத்துவிட்டு டார்ச்சில் உள்ளே பாருங்கள். யுஎஸ்பியின் நாக்கு உடைந்திருக்கிறதா, லேன் போர்ட்டின் பின் ஒன்று கீழே அமுங்கியிருக்கிறதா, பூச்சி கூடு கட்டியிருக்கிறதா? தூசியைக் காற்று ஊதியோ உலர்ந்த பிரஷாலோ எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்.

முன்பக்க யுஎஸ்பிகள் மொத்தமாக இறந்திருந்தால் உள்ளே அந்த ஒயர் மதர்போர்டில் மாட்டப்படாமலே இருக்கலாம், கேபினெட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். பின்பக்கத்தில் ஒன்றிரண்டு யுஎஸ்பியோ லேனோ நிஜமாகவே போய்விட்டால் அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. காலி பிசிஐ எக்ஸ்பிரஸ் இடுக்கில் யுஎஸ்பி கார்டோ நெட்வொர்க் கார்டோ வாங்கிப் போடலாம். ஒரே ஒரு ஸ்க்ரூதான், புது மதர்போர்டோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு.